கஞ்சி போட்ட விண்வெளி உடுப்பு

போன மாதம் ஒரு காலை, பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் மூன்று கண்ணுள்ள ஒருவர் வந்து உட்கார்ந்தார். முகம் முழுக்கப் பச்சை. காது இரண்டும் தோள்வரை தொங்கின. மடியில் காய்கறிப் பை. வண்டியில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் இறங்கும்போது எல்லோரையும் போல ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நம் கோவை காந்திபுரத்தில் இப்படி ஒருவர் டவுன் பஸ் ஏறியிருந்தால் வண்டி நகர்ந்திருக்காது. ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் நடத்துநரே டிக்கெட் கிழித்திருப்பார்.

நான் சென்னிமலையில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டது கோவை கணபதியில். கணவர் காலமான பிறகு மகள் கவிதா என்னை நியூசிலாந்துக்கு அழைத்து வந்தாள். வெலிங்டன் நகரத்தில் அவள் நர்ஸாக இருக்கிறாள். அவளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நான் மட்டும்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, அதோடு பிறவியிலேயே கூச்ச சுபாவம். அழைப்பு மணி அடித்தால் திரைக்குப் பின்னால் நின்றுகொள்வேன். இந்த ஊரில் நானாக நடந்து போய்த் தட்டிய கதவு ஒன்றே ஒன்று. அது பக்கத்து வீட்டு ஷெரிலுடையது. சாமான் கிடங்கில் வண்டி ஓட்டும் பெண்மணி, அறுபது வயதிருக்கும். வேலிக்கு மேலே எலுமிச்சம்பழம் நீட்டுவாள், நான் முறுக்கு நீட்டுவேன். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். பேச்சு அவ்வளவுதான்.

ஷெரில் ஒரு விண்வெளிப் படத்தின் ரசிகை. பழைய படம். சரக்குக் கப்பல் ஒன்று நட்சத்திரங்களுக்கு நடுவே பழுதாகி நிற்க, அதில் மெக்கானிக்காக இருக்கும் ஒருத்தி எல்லோரையும் காப்பாற்றுகிறாளாம். ரசிகர் என்றால் எனக்குத் தெரிந்தது வேறு. எங்கள் வீட்டுக்காரர் முதல் நாள் முதல் ஆட்டத்துக்குச் சட்டைப்பை நிறையக் காகிதத் துணுக்கோடு போய், தொண்டை கட்டித் திரும்புவார். அங்கே கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுவார்கள். நடிகர்தான் படம், படம்தான் நடிகர். இங்கே ஷெரிலும் அவள் கூட்டாளிகளும் யார் நடித்தார் என்று பேசிக்கொள்வதே இல்லை. அந்தத் தலைக்கவசத்தை எந்தப் பசை போட்டு ஒட்டினார்கள், பூதத்தின் எச்சிலை எதில் காய்ச்சினார்கள் என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். கவிதா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஷெரில் ஒரு பையைக் கொண்டுவந்து கவிதாவிடம் கொடுத்தாள். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் கவிதா என்னிடம், "ஏம்மா, இதுல அக்குள்ல தையல் விட்டிருக்குதாம். சனிக்கிழமை விழாவுக்குப் போடோணுமாம். தெச்சுக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பையைத் திறந்தேன். காலும் கையும் ஒன்றாகத் தைத்த மெக்கானிக் உடுப்பு. அப்படி ஒரு அழுக்கை நான் பார்த்ததில்லை. முழங்கால் கிழிந்து நூல் தொங்குகிறது, நெஞ்சில் எண்ணெய், முதுகில் துரு நிறத்தில் திட்டுத் திட்டாக. பாவம், வேலைக்குப் போகிற பெண், துவைக்க நேரமில்லை என்று நினைத்தேன். நம் பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் கூடச் சும்மா திருப்பித் தரமாட்டோம், ஒரு பிடி கீரையாவது போட்டுத்தான் தருவோம். ஒருத்தி துணியை அழுக்கோடு திருப்பிக் கொடுக்க முடியுமா? அதுவும் கல்யாணத்துக்கு முன்பு நான் சென்னிமலையில் பெட்ஷீட் மடித்துக் கட்டுகிற வேலை பார்த்தவள். தறி எண்ணெய் பொட்டளவு இருந்தாலும் அந்த ஷீட் தள்ளுபடி. கறையைக் கண்டால் கை தானாகப் போய்விடும்.

ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பூந்திக்கொட்டையை உடைத்து ஊற வைத்தேன். நுரை பொங்கிய தண்ணீரில் உடுப்பை முக்கி, பார் சோப்புப் போட்டு, பிரஷால் தேய் தேய் என்று தேய்த்தேன். தண்ணீர் சாக்கடையாக ஓடியது. அக்குள் தையலைப் போட்டு, கிழிந்த முழங்காலையும் இழையோட்டி மூடினேன். பிறகு, விழாவுக்குப் போடுகிற துணியாயிற்றே என்று வடித்த கஞ்சியில் அலசிக் காயப்போட்டேன். இந்த ஊர்க் காற்றுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. கால் இரண்டிலும் கத்தி போல மடிப்பு விழ இஸ்திரி போட்டேன். சுவரில் சாய்த்தால் தானாக நின்றது.

வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஷெரில் பிரித்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் தோளைத் தொட்டு "தேங்க் யூ" என்று சொல்லி மெதுவாகக் கதவைச் சாத்தினாள். ஆனந்தக் கண்ணீர் என்றே நினைத்தேன். அன்றைக்கு மத்தியானம் பாயசம் வைத்தேன்.

சாயங்காலம் வாசலில் ஷெரிலிடம் பேசிவிட்டு வந்த கவிதா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, என்னம்மா பண்ணிப்போட்ட? துவைச்சுப்போட்டியா?"

"ஆமா கண்ணு. பயங்கர அழுக்கு."

"அது அழுக்கில்லைம்மா, வேலைப்பாடு. அந்தப் படத்துல வர்ற மெக்கானிக் பொம்பளையோட வேசம். வருசக்கணக்கா உக்காந்து ஒவ்வொரு கறையா வெச்சிருக்குது அந்த அம்மா. சனிக்கிழமை ரசிகருங்க வேசம் கட்டற விழாவுக்கு, அந்தப் படத்துக்குத் துணி தெச்சவங்க நேர்ல வாராங்களாம். அவங்க கண்ணுல காட்டோணும்னுதான் இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்துச்சு."

"அப்பறம் எதுக்கு என்கிட்ட தேங்க்ஸ் சொல்லுச்சு?"

"உன்னத் திட்ட மனசு வரலையாம். நீ கஞ்சி வேற போட்டிருக்கற."

செல்போனில் அந்தப் படம் எடுத்த கதையை வீடியோவாகக் காட்டினாள். பெரிய கொட்டகை. புத்தம் புது உடுப்புகளைத் தொங்கவிட்டு, சம்பளம் வாங்குகிற ஆட்கள் வரிசையாக நின்று அழுக்காக்குகிறார்கள். ஒருத்தி தேயிலைத் தண்ணீர் தெளிக்கிறாள். ஒருத்தன் பாலாடைக்கட்டி சீவும் தகட்டால் முழங்காலைத் தேய்த்துக் கிழிக்கிறான். புதுத் துணி போட்டால் அந்தக் கப்பலில் யாரும் வாழ்ந்த மாதிரி இருக்காதாம். துணியில் வாழ்ந்த தடம் இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்களாம். நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். வெட்கமும் பயமும் ஒரு பக்கம். இப்படியும் ஒரு வேலையா என்கிற பரபரப்பு இன்னொரு பக்கம். ஆனால் நான் தட்டக்கூடிய ஒரே கதவு மூடிக்கொண்டுவிட்டதே என்று நினைத்தபோது செல்போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலையில் ஒரு குண்டானில் கெட்டியாகத் தேயிலை காய்ச்சி எடுத்துக்கொண்டு, சீவுகிற தகட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். கவிதாவைத் துணைக்குக் கூப்பிடவில்லை. ஷெரில் திறந்தாள். குண்டானைக் காட்டினேன், தகட்டைக் காட்டினேன். "டர்ட்டி" என்றேன். "மீ. யூ." அவள் என்னையே பார்த்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

அவள் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் அன்றுதான் முதல்முறை போனேன். காரே இல்லை. பூதத் தலைகள், ரப்பர் கைகள். முடி உலர்த்தும் கருவியைத் துப்பாக்கியாக்கி வைத்திருந்தாள். தூசி உறிஞ்சும் குழாயில் ஒரு மூச்சுக் கருவி. எதைத் தொட்டாலும் அது வேறொன்றாக இருந்தது. திருவிழாக் கடைவீதியில் நிற்கிற குழந்தை மாதிரி ஆகிவிட்டேன்.

வேலை தொடங்கியது. முதலில் தகட்டால் முழங்காலைத் தேய்க்கச் சொன்னாள். நான் இழையோட்டி மூடிய இடம். கை ஓடவில்லை. பூப்போலத் தடவினேன். அவள் என் கைமேல் கை வைத்து அழுத்தினாள். நூல் பட் பட்டென்று விட்டது. பிறகு கை சூடு பிடித்துக்கொண்டது. தேயிலைத் தண்ணீர், அடுப்புக்கரி, வண்டிக்குப் போடுகிற கறுப்புக் கிரீஸ். அவள் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து இடம் காட்டினாள், நான் பூசினேன்.

வலது தொடையில் கிரீஸை இழுக்கப் போனேன். "நோ, நோ" என்று தடுத்துப் படத்தைக் காட்டினாள். அங்கே கறை இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கணபதியில் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டியவர். தினமும் கறுப்பாகத்தான் வருவார். நான் கல்லில் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்து, "அம்மணி, கறையை எடுக்கறேன்னு சட்டையவே எடுத்துப்போடாத" என்பார். வலது தொடை அவர் கை துடைக்கும் இடம். இடது கைப்பட்டையின் உள்பக்கம் நெற்றி வியர்வை துடைக்கும் இடம். அங்கே எத்தனை துவைத்தாலும் ஒரு கோடு நிற்கும்.

இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்ல என்னிடம் வார்த்தை ஏது? "மை ஹஸ்பெண்ட். மெக்கானிக்" என்றேன். கையை லேத் சுற்றுகிற மாதிரி சுற்றிக் காட்டினேன், மேலே வானத்தைக் காட்டினேன். தொடை கிடையாது என்று ஷெரில் தலையை ஆட்டினாள். அதில் அவள் கறார்தான். ஆனால் இடது கைப்பட்டையை அவிழ்த்து, உள்பக்கத்தைத் திருப்பி என்முன் நீட்டினாள். படத்தில் தெரியாத இடம். கட்டைவிரலால் ஒரே இழுப்பு இழுத்தேன்.

சனிக்கிழமை கூட்டத்தைச் சொல்லி முடியாது. கவிதா கையைப் பிடித்துக்கொண்டு போனேன், கொஞ்ச நேரத்தில் நான்தான் அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். நாலு கை உள்ளவர், தலையில் விளக்கெரிகிறவர், பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த மூன்று கண்காரர், எல்லோரும் ஒருவர் உடுப்பை ஒருவர் தடவிப் பார்த்து எப்படிச் செய்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். படத்துக்குத் துணி தைத்த அந்த அம்மாள் கைத்தடியோடு, மேடையில் போட்டிக்கு நின்றவர்களை வரிசையாகப் பார்த்து வந்தார். ஷெரில் முன்னால் நின்றார். முழங்கால் நூலை இழுத்துப் பார்த்தார், நெஞ்சுக் கறையை நகத்தால் சுரண்டினார். பிறகு அவர் சிரித்து ஏதோ கேட்க, ஷெரில் கூட்டத்துக்குள் என்னைக் கை காட்டினாள். நான் கவிதா முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"என்ன கண்ணு கேட்டாங்க?"

"இது எங்க கப்பல்ல இருந்து திருடுனதான்னு கேக்கறாங்கம்மா."

பரிசு நாலு கைக்காரருக்குப் போனது. ஷெரில் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இறங்கி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வியர்வையில் கைப்பட்டைக்குள் இருந்த கிரீஸ் இளகி அவள் மணிக்கட்டில் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது. அது என் உள்ளங்கையிலும் ஒட்டியது. வீடு திரும்பும்போது காரில் கவிதா ஈரத்துணி நீட்டினாள். "இருக்கட்டும் கண்ணு" என்றேன். கிரீஸ் இந்த ஊர்க் கடையில் வாங்கியது, கறை எங்கள் வீட்டுக்காரருடையது. ஜன்னலுக்கு வெளியே வெலிங்டன் கடல் கூடவே வந்துகொண்டிருந்தது. கறை சேலையில் படாமல் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.