எடின்பரோவுக்குக் கட்டிய பெட்டி

எடின்பரோவுக்கு நான் இன்றுவரை போனதில்லை. ஆனாலும் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் அந்த ஊரில் விட்டால் கோட்டைக்கு யாரிடமும் வழி கேட்க மாட்டேன். எட்டு வயதில் நெட்டுருப் போட்ட ஊர் அது. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று, இது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

என் அக்கா கல்யாணமாகி அங்கே போனது எண்பதுகளின் நடுவில். அத்தானுக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. அக்கா என்னைவிட ரொம்ப மூத்தவள். எனக்குத் தலை பின்னிவிடுவதும், பின்னும்போது அசைந்தால் குட்டுவதும் அவள்தான். அவள் போனதும் ராஜபாளையத்தில் எங்கள் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அப்பா இரும்புக் கடையை அடைத்துவிட்டு வர நேரமாகும். அம்மாவுக்கு அடுப்பங்கரை. நான் அக்காவின் பாயை என் பாய்க்குப் பக்கத்தில் விரித்து, அதில் உருண்டுவிடாமல் ஒதுங்கிப் படுத்திருப்பேன். அப்படி ஒரு தனிமை பிற்பாடு எனக்கு இன்னொரு தடவையும் வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதுதானே வழக்கம். அவள் விமானம் ஏறக் கூடாது என்று அங்கே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பெண் வர முடியாவிட்டால் தாய்வீடு கிளம்பிப் போகட்டும் என்று அப்பா முடிவு செய்தார். தாய்வீடு என்றால் அம்மாவும் நானும், ஏனென்றால் அப்பாவுக்குக் கடை இருக்கிறது. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். யாரும் திருத்தவில்லை.

அப்புறம் வீட்டில் எடின்பரோவைத் தவிர வேறு பேச்சே இல்லை. அக்கா அனுப்பிய படத்தில் கரும்பாறை, அதன்மேல் கோட்டை, கீழே ஒரு தெரு. மதியம் ஒரு மணிக்குக் கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவார்கள் என்று எழுதியிருந்தாள். "வயித்துப்பிள்ளைக்காரி இருக்க ஊருல எதுக்குங்க வெடி போடுதான்?" என்று அம்மா அங்கலாய்த்தாள். அது மணி சொல்வதற்கு, நம்ம ஊர் மில் சங்கு மாதிரி என்று அப்பா விளக்கிய பிறகுதான் அவளுக்கு மனசு ஆறியது.

மில்லில் ஷிப்டு வேலை பார்த்த என் தாய்மாமா, கொடைக்கானல் போனபோது இரண்டு குரங்குக் குல்லா வாங்கிவந்தார். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. நான்தான் நச்சரித்து வாங்கச் சொன்னேன் என்பது எனக்கு மறந்துவிட்டது, சின்னக் குல்லா வந்ததே எனக்கும் பயணம் உறுதி என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது. காலையில் எழுந்ததும் வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு பல் கிட்டிக்க நிற்பேன். குளிர் பழக வேண்டுமே. காலாண்டுப் பரீட்சைக்கு நான் இருக்கமாட்டேன் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

பிரசவ மருந்துப் பொடி, பூண்டு, நல்லெண்ணெய், பிள்ளையைச் சுற்றுவதற்குப் பழைய நூல்சேலை என்று அம்மாவின் பெட்டி நிறைந்தது. அதன் மூலையில் என் இரண்டு கவுனையும் சின்னக் குல்லாவையும் நானே வைத்தேன். அம்மா பார்த்தாள். கவுனைத் தடவி அமுக்கிவிட்டு, பூண்டு மூட்டையை அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தாள். எனக்கு டிக்கெட்டே கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

கான்சாபுரத்திலிருந்து அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். எங்களை வழியனுப்ப வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். நான் காலையில் என்ன சாப்பிடுவேன், பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்குப் போவேன் என்றெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, நான்தான் இங்கே இருக்கமாட்டேனே அத்தை என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பாவம், சளி பிடித்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்து வந்தது சனிக்கிழமை. மாமா காலையிலேயே வந்து, "ஏட்டி, அக்காவுக்குப் பால்கோவா கொண்டுபோக வேண்டாமா? வா, வில்லிபுத்தூர் போயி வாங்கிட்டு வந்துருவோம்" என்றார். நான் மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு, முதுகுப் பொத்தானை மாட்டிவிடச் சொல்லி அம்மாவிடம் ஓடினேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். திரும்பவில்லை. கை எண்ணெயாக இருக்கிறது, மாமாவிடம் போட்டுக்கொள் என்றாள். அடுப்பில் எதுவும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவைச் சூடாகக் கட்டிக் கொடுத்தார்கள். வாங்கினோமா, ஊருக்குத் திரும்பினோமா என்றில்லாமல், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நல்ல வெயிலில் மாமா என்னை நிறுத்திவைத்தார். நிழலுக்குப் போகலாம் என்றால், "செத்த நேரம் இங்கனயே நில்லுட்டி" என்கிறார். கைக்கடிகாரத்தை வேறு பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ்கள் வருவதும் போவதுமாக இருந்தன. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

திடீரென்று மாமாவுக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. வீட்டில் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனிதர், நடுத்தெருவில் கைக்குட்டையைக் குல்லாபோல் தலையில் மாட்டிக்கொண்டு, குளிரில் நடுங்குவதாக ஆட ஆரம்பித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "கவுனு அழகா இருக்கே, ஒரு சுத்து சுத்து பாப்போம்" என்றார். சுற்றினேன். இன்னொரு தடவை என்றார். பால்கோவாப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மறுபடியும் சுற்றினேன். பிறகு அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. என் இரண்டு கவுனும் மடித்துக் கட்டில்மேல் இருந்தன. அம்மாவும், அவளை மெட்ராஸ்வரை கொண்டுபோய் விமானம் ஏற்றிவிட அப்பாவும், எப்போதோ கிளம்பிவிட்டார்கள். சின்னக் குல்லாவை மட்டும் காணோம். என்னை விட்டுப் போனதுமல்லாமல் என் குல்லாவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாளே என்று அதற்கும் சேர்த்து அழுதேன். "பொத்தானை ஒன்னு மாத்தி ஒன்னு போட்ருக்கான் பாரு" என்று முனகிக்கொண்டே அத்தை கவுனைக் கழற்றிவிட்டாள். பால்கோவாவை நான் யாருக்கும் தரவில்லை, எறும்பு வரும்வரை அக்காவுக்கென்று அலமாரியில் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. மதியம் மில் சங்கு ஊதும்போதுதான் தாங்காது. இரண்டு ஊருக்கும் ஒரே மணி என்றுதான் அப்போது என் கணக்கு. அங்கே இப்போது பீரங்கி வெடிக்கும், அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் போனவள் என்ற நினைப்பும் கூடவே வரும். காலாண்டுப் பரீட்சை முடிந்து, அரைப் பரீட்சையும் முடிந்துதான் அவள் வந்தாள். வாசலில் நின்று கையை நீட்டினாள். நான் அத்தையின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

இப்போது அக்காவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். வந்தே தீரவேண்டும் என்கிறாள். போன வாரம் பெட்டியை விரித்துப் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை என்னைப் பால்கோவா வாங்க யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லையா என்று கிண்டலாகக் கேட்டேன். அன்றைக்குப் பார்க்காமல்தானே போனாய் என்றும் வாயில் வந்துவிட்டது.

"பாக்காமப் போனேன்னா இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருக்க?" என்றாள் அம்மா. "உன்னைய வீட்டுல வச்சுக்கிட்டு நான் கெளம்பமாட்டேன்னுதான் உங்கப்பா வெளிய அனுப்பச் சொன்னாரு. எப்படியும் மதுரை பஸ்ஸு வில்லிபுத்தூர்ல நிக்கும்லா, ஸ்டாண்டுக்கு எதிர்ல நிப்பாட்டி வைடா, ஒருவாட்டி பாத்துக்கிடுதேன்னு உங்க மாமங்கிட்ட நாந்தான் சொன்னேன். நல்லா சிரிச்சுக்கிட்டுதான் நின்ன. முதுகுல பொத்தானைத்தான் அவன் மாத்திப் போட்டுட்டான். எறங்கிப் போயி சரியாப் போட்டுவிட்டுட்டு வந்துருவோம்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள பஸ்ஸ எடுத்துட்டான்."

பஸ் நின்றது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.