தொப்பி ஆணியில் தொங்கியது

அந்த வேனின் சாவியைத் திருப்பியது அவருடைய கைதான்.

தெருவில் அவருக்குப் பெயர் 'உள்ளவாங்க அண்ணன்'. சொந்தப் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கார் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். யார் வண்டியோடு வந்து நின்றாலும், "வெளிய ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க. உங்க வண்டிக்கு என்ன பண்றோம்னு நீங்களே பாருங்க" என்பார். மற்ற ஒர்க்‌ஷாப்புகளில் வண்டிக்காரரைக் கதவுக்கு வெளியிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். இங்கே வேலை நடக்கும் இடத்திலேயே அவர்களுக்கென்று ஒரு ஸ்டூல் கிடக்கும்.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு கதை உண்டு. முன்பு வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, உள்ளே நல்ல பேட்டரியைக் கழற்றிக்கொண்டு செத்த பேட்டரி ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டார்கள். வண்டி நடுரோட்டில் படுத்துக்கொண்டது. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரனை அழுத்தி அவருடைய வம்சத்தையே விசாரித்தார்கள். அன்றைக்கு மனதுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டார்: நாம் ஒர்க்‌ஷாப் வைத்தால் எவனையும் வாசலில் நிறுத்தக்கூடாது.

மனைவியின் தம்பியான மச்சான்தான் அவருடைய முக்கியமான மெக்கானிக். இன்ஜின் மேல் கையை வைத்தே நோயைச் சொல்கிறவன். வெளியாட்கள் உள்ளே வருவது அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

"மாமா, இது ஒர்க்‌ஷாப்பா, பஸ் ஸ்டாண்டா? ஆளாளுக்கு உள்ள வந்து இது என்ன, அது என்னன்னு உயிரை எடுக்கிறாங்க. நேத்து ஒருத்தர் உதவி பண்றாராம். நான் ஸ்பேனர் கேட்டா சுத்தியலைத் தர்றாரு."

"ரெண்டும் இரும்புதானடா மாப்ள."

"உங்க தலையும் இரும்புதான்."

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டிக்கு அடியில் படுக்கப்போகிறவன் தன் தொப்பியைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டுப் போவான். தொப்பி அங்கே இருந்தால் கீழே ஆள் இருக்கிறான், சாவியைத் தொடாதே என்று அர்த்தம். சுவரில் ஆளுக்கொரு ஆணியும் உண்டு. தொப்பி ஆணியில் தொங்கினால் ஆள் சாப்பிடவோ டீ குடிக்கவோ வெளியே போயிருக்கிறான். யாரும் எழுதி ஒட்டவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. வெளியாளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அன்றைக்கு வந்தது தையலம்மாவின் வேன். தைத்த சட்டைகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிறவர். வேன் கிளம்பும்போதெல்லாம் இன்ஜின் பெல்ட் கீச்சென்று கத்தியது. மச்சான் வேனின் முகத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தி, ஸ்டியரிங்கில் தொப்பியை மாட்டிவிட்டு, சுவருக்கும் வேனுக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக அடியில் நுழைந்தான். கால் மட்டும் சுவர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. வேனின் கதவுப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் தெரியாது.

தையலம்மா வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை வேனிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்து எழுந்துபோய் எடுத்தார். அப்போது ஸ்டியரிங்கில் அந்தத் தொப்பியைப் பார்த்தார். துணி எங்காவது கசங்கிக் கிடந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பாவம், யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்துத் தட்டி, மடிப்பை நீவி, மற்றத் தொப்பிகள் தொங்கிய வரிசையில் காலியாக இருந்த ஆணியில் அழகாக மாட்டினார். அது மச்சானுடைய ஆணியேதான்.

வெளியே போய்விட்டு வந்த உள்ளவாங்க அண்ணன் சுவரைப் பார்த்தார். மச்சானின் தொப்பி ஆணியில். சரி, டீக்குப் போய்விட்டான். பக்கத்தில் ஒருவன் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்ததால் வேறு சத்தம் எதுவும் காதில் விழவில்லை.

"பெல்ட் கத்துறது நின்னுடுச்சான்னு பாத்துடலாம்மா" என்று வேனில் ஏறினார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். தொப்பி இல்லை. சாவியைத் திருப்பினார்.

பெல்ட் கத்தவில்லை. வேறொன்று கத்தியது.

அது மனிதக் குரல் என்று புரியவே அவருக்கு ஒரு கணம் பிடித்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு கீழே குதித்தார். தகரம் தட்டியவனும் அவருமாக மச்சானை இழுத்து வெளியே எடுத்தார்கள். பெல்ட்டில் சிக்கிய வலது கையில் இரண்டு விரல்கள் எது தோல், எது சதை என்று தெரியாமல் இருந்தன. தையலம்மா தன் பையிலிருந்த புதுச் சட்டையைக் கிழித்து அந்தக் கையை இறுகச் சுற்றினார்.

"தொப்பி ஆணியில இருந்துச்சேடா... ஆணியில இருந்துச்சே..." அண்ணன் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் வண்டியிலதான் மாட்டினேன் மாமா" என்றான் மச்சான், பல்லைக் கடித்துக்கொண்டு.

தையலம்மா நிமிர்ந்து பார்த்தார். "அந்தத் தொப்பியா? நான்தான் எடுத்து மாட்டினேன். மறந்துட்டாங்கன்னு..." அண்ணனுக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். பழையபடி மடங்குமா என்று போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். மனைவி தன் தம்பியின் கட்டைப் பார்த்தாள், புருஷனின் முகத்தைப் பார்த்தாள். "உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு ஊரையே கூப்பிட்டீங்களே. சாவியைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. இத்தனை காலத்தில் ஒரு தடவைகூடக் குனிந்ததில்லை, தொப்பியைத்தான் பார்த்திருக்கிறார். தையலம்மா வந்திருக்காவிட்டால் அது நடந்திருக்காது, அது நிஜம். ஆனால் ஒரு பலத்த காற்று அடித்துத் தொப்பி சீட்டுக்கு அடியில் விழுந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அந்த நினைப்புதான் அவரைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் ஒர்க்‌ஷாப் வாசலில் குறுக்கே ஒரு சங்கிலி கட்டினார்.

மச்சான் வேலைக்குத் திரும்பியபோது ஒரு விரல் பாதிதான் மடங்கியது. அடுத்த முறை வேனைக் கொண்டுவந்த தையலம்மா சங்கிலிக்கு வெளியிலேயே இறங்கி நின்றுகொண்டார். அவருக்கு எதிரே உள்ளவாங்க அண்ணன். வழக்கமான அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் சங்கிலியையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, வாயில கொழுக்கட்டையா? அவங்களை வாங்கன்னு சொல்லுங்க" என்றான் மச்சான் உள்ளிருந்து. யாரும் உள்ளே வரக்கூடாது என்று சண்டை போட்டவனே அவன்தான்.

"முடியலடா."

அவர் உள்ளே போய் அந்த ஸ்டூலைத் தூக்கி வந்து சங்கிலிக்கு வெளியே, நிழலில் போட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. இங்கேருந்து எல்லாம் தெரியும். எதையும் மறைக்கமாட்டோம். ஆனா உள்ள மட்டும் வேண்டாம்."

"நானே இங்கதான் நிக்கணும்னு நெனச்சு வந்தேன்" என்றார் தையலம்மா.

மச்சான் வேனை உள்ளே நிறுத்திவிட்டுச் சாவியை உருவினான். தொப்பி தலையிலேயே இருந்தது. சாவியை உயர்த்தி வாசல் பக்கம் காட்டினான், தையலம்மா தலையசைத்தார். அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு அடியில் போனான்.

சாவி அவன் பையில் இருக்கிறது. அண்ணனே அதைக் கண்ணால் பார்த்தார். இருந்தும் வேனின் பக்கத்தில் போய், தரையில் கையை ஊன்றி, குனிந்து பார்த்தார்.

"இருக்கேன் மாமா" என்றது கீழிருந்து குரல்.