இடது காலால் தைத்த கால்மிதிகள்

சித்திரையில் கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மண்டி வாசலில் மல்லாட்டை மூட்டை ஒன்று சரிந்து என் இடது காலின் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிற்று. உள்ளே கம்பி வைத்தார்கள். நான் சுமை வேன் ஓட்டுகிறவன். இடது கால் இல்லாமல் கிளட்ச் இல்லை. கிளட்ச் இல்லாமல் வண்டி இல்லை.

வேன் ஓனர் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார்.

"இன்னாப்பா, வலி கம்மியாச்சா?"

"பரவால்லண்ணா."

"வண்டிய என் மச்சான் ஓட்டட்டும், இப்போதைக்கு. தீபம் வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் லோடு ஜாஸ்தி, நிலையா ஒரு ஆளு வேணும். நீ வந்துட்டா உன் சீட்டு உனக்கு."

மலை மேல் ஏற்றும் தீபம் கார்த்திகையில். ஏழு மாதம் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில், மாடியில் ஒற்றை அறை. வெளிப்பக்கமாகப் பதினேழு படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பிடிக்க ஒன்றும் கிடையாது. முதல் மூன்று மாதம் நான் அந்தப் படியில் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். இருபது வருஷம் ரோட்டிலேயே இருந்தவன். எத்தனையோ நாள் வண்டியிலேயே தூங்கியவன். அந்த அறையின் நான்கு சுவரும் எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. எந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, எந்த ஆணியில் ஒன்றும் மாட்டவில்லை, எல்லாம் தெரியும்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜன்னலில் பார்ப்பேன். எங்கெங்கிருந்தோ வந்த ஜனம் மலையைச் சுற்ற நடந்து போகும். மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் தெரியும். நான் தெருமுனை டீக்கடைக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

என் வீட்டுக்காரி வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறை பெருக்கும் வேலை செய்கிறாள். கிழிந்த பெட்ஷீட், வெளுத்த திரைத்துணி எல்லாம் அங்கே கழித்துப் போடுவார்கள். எடுத்து வருவாள். கல்யாணத்தின்போது அவள் வீட்டில் கொடுத்த தையல் மிஷின் ஜன்னலோரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தலையணை உறை, துணிப்பை என்று ஏதாவது தைப்பாள்.

ஆடி மாதம் ஒரு நாள் அவள் வேலைக்குப் போன பிறகு நான் அந்த மிஷின் முன் உட்கார்ந்தேன். வேறு காரணம் இல்லை. சுவரைப் பார்த்துச் சலித்துவிட்டது. மிதித்ததும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் அறுந்தது. மறுபடி கோத்தேன். மறுபடி அறுந்தது. அவள் வரும்போது கீழெல்லாம் நூல் குப்பை.

"இன்னாங்க இது, எலி வந்துச்சா?"

"பின்னாடியே சுத்துது."

"டிரைவரு ரிவர்ஸ் கியர்ல போட்டுட்டாரு." சிரித்தாள். சக்கரத்தைக் கையால் தன் பக்கம் ஒரு சுற்று இழுத்துவிட்டாள். "மொதல்ல கையால தள்ளிவிட்டுட்டு அப்புறம் மிதிங்க. லோடு வண்டி மாதிரி அமுக்காதீங்க."

ஒரு வாரத்தில் நேராக ஓட வந்துவிட்டது. தலையணை உறை நாலு தைத்தேன். ஒன்றில் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மிஷின் மிதிக்கு இரண்டு காலும் தேவையில்லை. வலது காலை எடுத்துக் கீழே வைத்தேன். இடது காலால் மட்டும் மிதித்தேன். கம்பி வைத்த இடம் சுளீரென்றது. ஒரு சாண் தைப்பதற்குள் வேர்த்துவிட்டது. ஆனால் கால் அசைந்தது. இதுதான் கிளட்ச் என்று மனதில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கால்மிதி தைப்பதுதான் அதற்குத் தோதாக இருந்தது. சாக்கைத் துவைத்துக் காய வைத்து அளவாக வெட்டுவேன். அதன் மேல் துண்டுத் துணிகளை விரலகலப் பட்டையாகக் கத்தரித்து ஒரு ஓரத்திலிருந்து வைத்துத் தைப்பேன். ஒரு பட்டையின் தையலை அடுத்த பட்டை மூடும். கடைசியில் பழைய புடவைக் கரையைச் சுற்றிலும் வைத்துத் தைத்தால் முடிந்தது. சாக்கு கனம். தடித்த ஊசி போட வேண்டும். அதிகம் மிதிக்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. சாக்கில் பாதி மல்லாட்டைச் சாக்கு. உதறினால் கடலைத் தொலி விழும்.

துண்டுத் துணி கீழ்வீட்டுத் தையல்கடையிலிருந்து வந்தது. கடைக்காரர் ஜிப்பா தைப்பார், சாமியார்களுக்குக் காவி தைப்பார். மீந்ததைப் பையில் அடைத்து என் வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்புவார். ஒரு கால்மிதியில் நடுவில் காவித் துண்டாக வைத்துத் தைத்தேன். நிறம் நன்றாக இருந்தது. அவள் பார்த்ததும் கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யய்யோ, காவியப் போயி கால்மிதியில வெச்சிருக்கீங்க!"

"துணிதானே."

"துணிதானாம். வாசல்ல போட்டுப் பாருங்க. எந்தச் சாமியாரு கைத்தடியால மண்டையப் பொளக்கறாருன்னு தெரியும். இந்த ஊர்ல எவன் மிதிப்பான் இத?"

"அப்போ சட்டி புடிக்கிற துணியா தெச்சிடறேன்."

"கரி புடிக்கவா? நல்லாருக்கு."

"பின்ன இன்னாதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. தனியா வையுங்க."

பிளேடு வைத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். ஒரு நாள் போயிற்று. அதற்கப்புறம் காவி வந்தால் தனிப் பையில் போட்டேன். அந்தப் பை கட்டில் காலோரம் பெருத்துக்கொண்டே போனது.

விடுதியில் ஒவ்வொரு அறை வாசலுக்கும் என் கால்மிதியைப் போட்டார்கள். இன்னும் கேட்டார்கள். பக்கத்து விடுதியிலும் கேட்டார்கள். அவளுக்கு ஒரே சந்தோஷம். துணி மூட்டை மூட்டையாக வந்தது. கட்டிலுக்கு அடியில் வைத்தோம். பிறகு கட்டில் மேல் வைத்தோம். அலமாரிக் கதவு பாதிதான் திறந்தது. அறையில் நான் நடந்து பழகிய ஐந்து எட்டு மூன்று எட்டாகக் குறைந்தது. தைக்கத் தைக்கத் துணி வந்தது. கீழ்க்கடைக்காரர் என்னை டிரைவரே என்றுதான் கூப்பிடுவார். ஐப்பசியில் ஒரு நாள், "மாஸ்டர், மேல நூல் இருக்குதா?" என்று கத்தினார். தையல்காரரைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். மறுபடி கூப்பிட்டார். வீட்டில் இல்லாதவன் மாதிரி இருந்தேன்.

இடது கால் அதற்குள் நன்றாகப் பழகிவிட்டது. ஒரே மூச்சில் ஒரு கால்மிதி முடிப்பேன். வலி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன், ஏறினேன். ஓனருக்குப் போன் போட்டேன்.

"கால் வந்துட்டுதுண்ணா. வண்டிய எடுத்துட்டு வாங்க."

தீபத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது வந்தார். காலை நேரம். என் வீட்டுக்காரி அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போனாள். மாடியில் நின்று பார்த்தாள். நான் இறங்கிப் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன். மச்சான்காரன் சீட்டை முன்னால் தள்ளி வைத்திருந்தான். பின்னால் தள்ளினேன். பக்கத்தில் ஓனர் ஏறினார்.

கிளட்சை மிதித்தேன். உள்ளே போனது. கியர் போட்டேன். தெருவைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். அதுவரைக்கும் சரி. ரோட்டில் தீபத்துக்கு முன்னாலேயே வந்துவிட்ட ஜனம், செருப்பில்லாமல் கும்பல் கும்பலாக நடந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் கிளட்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நகர வேண்டும். விடக்கூடாது. நான் அமுக்கிப் பிடித்தேன். கால் நடுங்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்தேன். முழங்காலிலிருந்து கீழே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆடியது. அப்புறம் வழுக்கிவிட்டது.

வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. முன்னால் நடந்துகொண்டிருந்த பொம்பளை பக்கவாட்டில் தாவினாள். கையிலிருந்த தண்ணி பாட்டில் உருண்டது.

"யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா? சாமி கும்பிட வந்தா சாவடிப்பே போலக்குதே!"

ஓனர் தலையை வெளியே நீட்டி, "தெரியாம ஆயிப்போச்சும்மா, போங்கம்மா" என்றார். என் பக்கம் திரும்பினார். "மெதுவாப்பா. இன்னொரு தடவ பாரு."

நான் காலைப் பார்த்தேன். இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. மிஷின் மிதியில் குதிகாலும் முன்காலும் மாற்றி மாற்றி ஆட வேண்டும், அவ்வளவுதான். பாரம் கிடையாது. சக்கரமே பாதி இழுத்துக்கொண்டு போகும். அமுக்கிப் பிடித்து வைக்கும் வேலை அதில் இல்லவே இல்லை. நாலு மாதம் நான் வேறு காலைப் பழக்கியிருக்கிறேன்.

சாவியை எடுத்து ஓனர் கையில் கொடுத்தேன்.

இறங்கிச் சுற்றி வந்து அவரே ஓட்டிக்கொண்டு வந்து என்னை வீட்டு வாசலில் விட்டார். நான் இறங்கின பிறகு சீட்டைக் காட்டினார்.

"இது கிழிஞ்சு கெடக்குது பாரு. ஒரு உறை தெச்சுக் குடேன். அளவு எடுத்துக்கோ."

"அளவு வேணாம்ணா."

படி ஏறினேன். பாதியில் கீழ்க்கடைக்காரர் கூப்பிட்டார், "மாஸ்டர்!"

"இன்னா?" என்றேன்.

என் வீட்டுக்காரி சோறு போட்டு வைத்திருந்தாள். நான் சாப்பிட்டுக் கை கழுவினேன். பிறகு சொன்னாள்.

"எடது காலால மட்டும் தெக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்."

"யார் சொன்னா?"

"தையலே சொல்லுதே. பாதி தூரம் போனா நெருங்கி நெருங்கி விழுது. கால் அசந்துபோனா அப்படித்தான் விழும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்களா?"

சீட்டு உறையை மூன்று நாளில் முடித்தேன். திரைத்துணியை இரண்டு மடிப்பாக வைத்தேன். வலது ஓரம் சீக்கிரம் தேயும், அங்கேதான் ஏறி இறங்கும்போது உரசும். அந்த இடத்தில் சாக்கு வைத்துத் தைத்தேன். மச்சான்காரன் வந்து வாங்கிக்கொண்டு போனான். கீழே மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கச்சிதமா இருக்குது!" என்று கத்தினான். ஹாரன் அடித்தான். நான் ஜன்னலுக்குப் போகவில்லை.

தீபம் முடிந்துவிட்டது. நான் மாடியில்தான் இருக்கிறேன். காலையில் அவள் போன பிறகு கால்மிதி தைக்கிறேன், இரண்டு காலாலும். மதியத்துக்கு மேல் வேறு வேலை. மல்லாட்டைச் சாக்கில் ஒரு பை தைத்து மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஜன்னல் கம்பி வழியாகப் போட்டிருக்கிறேன். கயிற்றின் மறுமுனை இடது பாதத்தில். காலை நீட்டி அமுக்கினால் மணல் பை மேலே எழும். அப்படியே பிடித்து வைக்க வேண்டும்.

அந்தக் காவித் துண்டுகளில் நல்லதாக நாலு எடுத்து ஒரு சின்னப் பை தைத்தேன். என் லைசென்ஸை அதில் போட்டு, ஒன்றும் மாட்டாமல் கிடந்த ஆணியில் மாட்டினேன். அவள் பார்த்தாள்.

"லைசென்ஸுக்குச் சந்நியாசம் குடுத்துட்டீங்களா?"

"கால்ல படாதில்ல. அதான்."

மணல் பையைத் தூக்கிப் பிடித்து மனதுக்குள் எண்ணுகிறேன். முதல் நாள் ஆறு வரை நின்றது. நேற்று பதினொன்று. கூட்டத்தில் வண்டி நகர்த்த அறுபது வரையாவது நிற்க வேண்டும்.