மாமனார் உட்கார்ந்த என் நாற்காலி

என் இடுப்பு போனதற்கு வேலைதான் காரணம் என்றார் அரியலூர் டாக்டர். மாமனார்தான் காரணம் என்பேன் நான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் பாரங்களைச் சரிபார்க்கிறேன். பகலெல்லாம் லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும். எங்கே உட்காருவது? எங்கள் வீட்டில் மாமனார் எதிரில் மருமகள் நாற்காலியில் உட்காரும் வழக்கம் கிடையாது. மாமியாரே நாற்பது வருஷமாகத் தரையில்தான். நானும் தரையில் சம்மணம் போட்டு, காலி அரிசி டின்னின் மேல் லேப்டாப்பை வைத்து, கூனிக் கூனி மூன்று வருஷம் ஓட்டினேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் பட்டென்று சொன்னார். "இப்படியே தரையில உக்காந்தீங்கன்னா கால் மரத்துப் போயிரும்மா. அப்புறம் ஆபரேஷன்தான். முதுகத் தாங்குற சேர் ஒண்ணு வாங்குங்க. ஸ்கிரீன் கண்ணுக்கு நேரா இருக்கணும். கழுத்த அங்க இங்க திருப்பக் கூடாது."

என் வீட்டுக்காரர் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷன். அப்பா எதிரில் மட்டும் வாய் இருக்காது. அவரை இழுத்துக்கொண்டு பெரம்பலூர் போய், என் சம்பளத்தில் நாற்காலியும் மேசையும் வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தேன். வலைத்துணி முதுகு, தலைக்குச் சாய்மானம், ஐந்து சக்கரம், ஏற்றி இறக்க ஒரு லிவர். பின்கட்டு அறையில் ஜன்னலோரமாக மேசையைப் போட்டேன். இரண்டு ஹாலோ பிளாக் கல்லைப் பழைய புடவையில் சுற்றி, அதன்மேல் லேப்டாப். கை வைக்கத் தனியாக ஒரு கீபோர்டு. கால் வைக்க, என் கல்யாணத்துக்கு வாங்கிய மணைப்பலகை. உட்கார்ந்து சாய்ந்தேன். முதுகு முழுக்க எதன்மேலோ படுகிற சுகம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாமனார் வாசல்படியில் வந்து நின்றார். நான் எழுந்துவிட்டேன். அவர் நாற்காலியைத் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்தார், ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு. முன்னால டிவிகிட்ட கொண்டாந்து போடு."

"மாமா, டாக்டரு சொல்லித்தான் வாங்குனதுங்க."

"நான் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருப்பேன், நீ மகாராணி கணக்கா இதுல உக்காருவியோ? திங்கிறது உக்காந்து, பாக்குறது உக்காந்து, இதுல இடுப்பு வலியாம் இடுப்பு வலி!"

நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் டிவி முன்னால் விட்டார்.

மாமனார் குள்ளம். ஆனால் லிவரை இழுத்து, எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டார். கால் தரையில் எட்டாமல் அந்தரத்தில் தொங்கும். இறக்க மாட்டார். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "மருமவ வாங்கிக் குடுத்தது" என்று பெருமை வேறு. நான் அடுப்பு மேடையில் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டு வேலை பார்த்தேன். மதியத்துக்கு மேல் நிற்க முடியாமல் மறுபடி தரைக்கு வருவேன். ஒருநாள் எழுந்தபோது இடதுகால் இல்லாத மாதிரி இருந்தது. சாம்பார்ச் சட்டியோடு விழுந்தேன். "சட்டி போச்சா?" என்று கேட்டார் மாமனார், கூடத்திலிருந்து.

திங்கட்கிழமைகளில் அவர் சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போவார். அன்று மாமியார் தெருவாசலில் போய் நின்றுகொள்வார். "உக்காந்துக்க புள்ள. அவரு தலை தெரிஞ்சா கொரலு குடுக்குறேன்" என்பார். வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் என் முதுகு என்னுடையது. தனக்கு முட்டி வலி இருந்தும் அந்தம்மா வெயிலில் நின்று காவல் காத்தார். இதை நான் மறைக்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலையில், டிவி பார்த்தபடியே மாமனார் போய்ச் சேர்ந்தார். மாமியார் நீட்டிய காபியை அவர் வாங்கவில்லை, அவ்வளவுதான். கட்டிலில் கிடத்தப் போனபோது மூத்த பங்காளி கையை நீட்டித் தடுத்தார்.

"உக்காந்தவாக்குல போன உசுரு. கொடுத்து வச்ச மனுசன். அப்புடியே உக்கார வச்சே எடுப்போம். நம்ம வகையறாவுல அதான் முறை."

நாற்காலியோடு முற்றத்துக்கு உருட்டி வந்து, தலையைச் சாய்மானத்தோடு சேர்த்துத் துண்டால் கட்டி, மாலை போட்டார்கள். பெண்கள் மாரடித்து நெருங்கும்போதெல்லாம் நாற்காலி நகர்ந்தது. யாரோ ஓடிப்போய்ச் சக்கரத்துக்குச் செங்கல் வைத்தார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, குளிப்பாட்டுகிற தண்ணீர் ஸ்பிரிங்கில் இறங்கித் துருப்பிடிக்குமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வேட்டியைச் சரிசெய்யக் குனிந்த ஒருவரின் கை லிவரில் பட்டது. உஸ்ஸென்று ஒரு சத்தம். மாமனார் சரசரவென்று கீழே இறங்கினார். பெண்கள் அலறிச் சிதறினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றேன். அக்கம்பக்கத்தவர்கள், "மாமன்மேல இம்புட்டுப் பாசமா!" என்று என்னைத் தாங்கிப் பிடித்தார்கள்.

பிணத்தை உட்கார்ந்தபடியே பாடையில் ஏற்றியதும் பங்காளி நாற்காலியையும் தூக்கச் சொன்னார்.

"பொணம் உக்காந்தது வூட்டுக்குள்ள ஆவாது. சுடுகாட்டுல விட்டுட்டு வாங்க."

நான் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "இது என் சேருங்க. குடுக்க மாட்டேன்."

"ஏ புள்ள, சாவு வூட்டுல என்ன பேச்சு இது?"

"அவரு தொட்டது ஆவாதுன்னா, வெரல்ல கெடந்த மோதிரத்த மட்டும் ஏன் கழட்டி மடியில முடிஞ்சீங்க? அதையும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

பங்காளியின் கை மடிக்குப் போனது. கொள்ளிச்சட்டியோடு நின்ற என் வீட்டுக்காரர் அன்றும் வாய் திறக்கவில்லை. பாடை போனது. நாற்காலி முற்றத்தில் நின்றது.

சோப்புத்தூள் போட்டு மூன்று முறை கழுவினேன். டெட்டால் தெளித்து வெயிலில் காயவைத்தேன். காரியம் முடிந்த மறுநாள் பின்கட்டுக்கு உருட்டிப்போய், என் உயரத்துக்கு வைத்து உட்கார்ந்தேன். வலி ஒரேயடியாகப் போகவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன்.

நாலைந்து நாள் கழித்து, முட்டியைப் பிடித்தபடி மாமியார் அறைக்குள் வந்தார். நாற்காலியின் கைப்பிடியை ஒரு விரலால் தடவினார்.

"ஏம்மா, நான் ஒருக்கா உக்காந்து பாக்கட்டுமா? இனிமே யாரு கேக்கப் போறா?"

ஐந்து நிமிஷம் எழுந்திருந்தால் குடி முழுகிப் போயிருக்காது. எனக்கும் தெரியும். ஒருமுறை எழுந்தால் அப்புறம் தினம் எழ வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய முட்டி, அவருடைய பாடு என்றும் நினைத்தேன்.

"வேல இருக்குங்கத்த. அப்புறம் பாக்கலாம்."

"சரிம்மா, நீ வேலயப் பாரு."

சுவரைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பின்னாலேயே தரையில் உட்கார்ந்தார். இரண்டு முட்டியும் சொடக்குப் போட்டது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.