பவுனம்மாள் வாங்கிய ஈயக்குழாய்

1926ஆம் ஆண்டு வாக்கில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் ஜிஞ்சர்பீர் வேண்டுமென்றால் எல்லோரும் பவுனம்மாள் வீட்டுப் பின்கட்டுக்குத்தான் போவார்கள். இஞ்சியைத் தட்டிப் போட்டு, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பெரிய குண்டானில் கொதிக்க வைப்பாள். ஆறியதும் கள்ளின் அடிமண்டியில் ஒரு கரண்டி கலந்து புட்டிகளில் ஊற்றி, தக்கையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவாள். நான்காம் நாள் திறந்தால் காரம் மூக்கில் ஏறும்.

ஆற வைப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடு. கோலாலம்பூர் வெக்கையில் ஒரு குண்டான் ஆற அரைநாள் பிடிக்கும். அதற்குள் பல தடவை புளித்துக் கெட்டுப்போகும்.

அவள் கணவன் ரெங்கசாமிக்கு ரயில்வே பட்டறையில் குழாய் பொருத்தும் வேலை. அதிகம் பேசமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏலத்தில் எடுத்த செம்புக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"இதத் தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சிரு. கொதிச்சத மேல ஊத்துனா, கீழ ஆறி வரும்."

அப்படியே வந்தது. அரைநாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. கணவன் தனக்காக ஒரு பொருளைச் செய்து தந்தது அதுவே முதல் தடவை. அன்று முழுவதும் அவள் அந்தச் சுருளைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து, ரயில்வே ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி வீட்டுக் கனகேஸ்வரி அம்மா ஆள் அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர். மகள் கல்யாணத்துக்கு ஆறு டஜன் புட்டி வேண்டும் என்றார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பவுனம்மாள் உடனே காய்ச்சி, செம்புக் குழாயில் ஆற்றி, ஆறு டஜனையும் அடைத்துவிட்டாள்.

மறுநாள் காலை குழாயைக் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். இரவெல்லாம் உள்ளே தங்கியிருந்த மிச்சம் முதலில் வந்தது. அது பச்சையாக இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். வாய் கசந்து இழுத்தது. நேற்று அடைத்த புட்டி ஒன்றைத் திறந்து குடித்துப் பார்த்தாள். இனிப்புக்கு அடியில் அதே கசப்பு லேசாகத் தெரிந்தது.

"லேசாத்தான இருக்கு. ஒண்ணும் ஆகாது," என்றான் ரெங்கசாமி.

"செம்புப் பாத்திரத்துல புளி ஊத்தி வெச்சா களிம்பு ஏறும்னு எனக்குத் தெரியும். எலுமிச்சையும் புளிப்புதானங்க. எனக்குத் தோணாமப் போச்சு. கல்யாணத்துல பிள்ளைங்க குடிப்பாங்க."

"பாத்திரத்துக்கு ஈயம் பூசுற மாதிரி இதுக்கும் பூசிட்டா?"

"குழாய்க்குள்ள எவன் கைய விட்டுத் தேய்ப்பான்?"

அவள் ஆறு டஜன் புட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் ஊற்றினாள். ரெங்கசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். இரவு வெகுநேரம் கழித்தே திரும்பினான்.

அவள் நேரே கனகேஸ்வரி அம்மா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப கல்யாணத்துக்கு இல்லையோ?" என்று கேட்டார் அவர்.

"முடிஞ்சா கொண்டாறேன்மா. முடியலன்னா மூணு நாளைக்குள்ள வந்து சொல்லிடறேன். நீங்க சோடா வாங்கிக்கலாம்."

"சரி. நீர் வந்து சொன்னது நல்லது."

பூசிய ஈயம் புளிப்பைத் தாங்குமென்றால் குழாயே ஈயமாக இருந்தால் என்ன என்று வழியெல்லாம் யோசித்தாள். மறுநாள் வேலாயுதத்தின் பழைய சாமான் கடைக்குப் போனாள். வேலாயுதம் சாம்பல் நிறத்தில் தடித்த குழாய் ஒன்றை எடுத்துப் போட்டான்.

"இந்தா தங்கச்சி, ஈயக்குழாய். கையாலேயே வளைக்கலாம்."

பவுனம்மாள் அதைக் கடையின் சுண்ணாம்புச் சுவரில் ஓர் இழு இழுத்தாள். கரிக்கோடு விழுந்தது.

"இது காரீயம்ணே. நஞ்சு. எனக்கு வெள்ளீயம் வேணும்."

"ரெண்டும் ஈயந்தானே லா. யாரு பிரிச்சுப் பார்க்கறா?"

அவளால் பிரிக்க முடியும். அவள் அப்பா பக்கத்து ஊரான சாலாக் செலாத்தானில் ஈயம் உருக்கும் கொட்டகைக்கு மாட்டு வண்டியில் விறகு ஏற்றிப் போனவர். சிறு வயதில் விறகின்மேல் உட்கார்ந்து அவளும் போவாள். உருக்கி வார்த்த வெள்ளீயக் குச்சியை அங்கிருந்த சீனர் அவள் காதருகே வைத்து வளைத்துக் காட்டுவார். உப்பை நெரிப்பதுபோல் உள்ளே ஒரு சத்தம் கேட்கும்; காரீயத்தில் அது கேட்காது.

குவியலைப் புரட்டினாள். மூடிப்போன சோடாக் கம்பெனி ஒன்றின் சாமான்கள் அடியில் கிடந்தன. அதில் மெல்லிய வெள்ளைக் குழாய் ஒன்று இருந்தது. சுவரில் இழுத்தாள், கோடு விழவில்லை. காதருகே வைத்து நுனியை வளைத்தாள். மெல்ல நொறுநொறுத்தது.

"இதுதாண்ணே."

வீட்டுக்கு வந்து வளைத்தபோது முதல் வளைவிலேயே குழாய் நசுங்கிவிட்டது. ரெங்கசாமி வாசலில் நின்று சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"வெறுங்குழாய வளைச்சா நசுங்கத்தான் செய்யும். மணல் இருக்கா? ஈரம் இருக்கக் கூடாது."

அவள் சட்டியில் மணலை வறுத்து, ஆறவிட்டுக் கொடுத்தாள். அவன் நசுங்கிய துண்டை அறுத்து எறிந்துவிட்டு, மணலைக் குழாயில் நிரப்பி, இரு நுனியையும் அடைத்து, வீட்டுத் தூணைச் சுற்றி மெதுவாக வளைத்தான். செம்பு போல இதில் சீக்கிரம் ஆறாது என்று சொல்லி, நான்கு சுற்று கூடுதலாகவே போட்டான். மணலைத் தட்டிக் கொட்டிவிட்டு, கொதிதண்ணீர் விட்டு மூன்று முறை அலசினார்கள். ஒரு குண்டான் ஆறக் கால் மணி நேரம் ஆயிற்று. மிச்சத்தை இரவு முழுவதும் குழாயிலேயே விட்டு, காலையில் இருவரும் சேர்ந்து குடித்துப் பார்த்தார்கள்.

"இஞ்சிதான் தெரியுது," என்றான் அவன்.

இஞ்சி போதாததால் கல்யாணத்துக்கு நான்கு டஜன்தான் கொடுக்க முடிந்தது. பந்தி முடிவதற்குள் புட்டிகள் காலி. மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானுக்குத் திரும்பிப் போகும்போது இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

பவுனம்மாள் அந்தக் குழாயில் பத்து வருடத்துக்கு மேல் ஜிஞ்சர்பீரை ஆற்றினாள். செம்புச் சுருளை ரெங்கசாமி நிமிர்த்திக் குளியலறைக்குத் தண்ணீர்க் குழாயாகப் போட்டுவிட்டான். லயத்தில் இன்னும் இரண்டு பெண்கள் ஜிஞ்சர்பீர் போடத் தொடங்கியபோது அவர்களுக்கும் வெள்ளீயத்தில் வளைத்துக் கொடுத்தான். செம்பு வேண்டாம் என்று முதலில் சொன்னதே தான்தான் என்று அவர்களிடம் சொல்லுவான். அடுப்படியிலிருந்து பவுனம்மாளுக்கு அது நன்றாகக் கேட்கும். ஒரு நாளும் அவள் வெளியே வந்து மறுத்ததில்லை.