பிரிக்காத மாவு மூட்டை

வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு கரண்டி கஞ்சி. அதன்மேல் நான் விட்ட அயோடின் சொட்டு நீலமாகவில்லை, செம்பழுப்பாகப் பரவியது. அதைப் பார்த்து நான் சொன்ன இரண்டு வார்த்தையில் ஒரு மனிதரின் பிழைப்பே போயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தத் தட்டை நினைத்தால் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

பல்லடம் பக்கத்தில் ஒரு சைசிங் ஆலை. தறிக்குப் போகும் பாவு நூல் அறாமலிருக்க அதற்குக் கஞ்சி போடும் இடம். அங்கே மக்காச்சோள மாவைக் காய்ச்சுபவரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். மண்ணரையிலிருந்து பஸ்ஸில் வருவார். பதம் பார்க்க அவருக்குக் கருவி எதுவும் வேண்டாம். துடுப்பிலிருந்து கஞ்சி விழுகிற விதமே போதும். நானோ வேதியியல் பட்டத்தோடு பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவன். தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

ஒரு வாரமாக நூல் அறுகிறது என்று தறிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். முதலாளி விசாரிக்கவே இல்லை. பாய் நல்ல மாவை வெளியே தள்ளிவிட்டு வேறெதையோ கலக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். வேலையாட்கள் இருபது பேரை நிற்கவைத்து, அவர்கள் முன்னால் கஞ்சியைச் சோதிக்கும்படி என்னிடம் சொன்னார். சோதித்தேன். "மாவுன்னா நீலம் வரணுமுங்க. இது கலப்படமுங்க" என்றேன்.

பாய் கத்தவில்லை. "தம்பி, மாவே வேறயா இருக்குதுங்க. கஞ்சி கண்ணாடியாட்டம் தெளிவா நிக்குது, ஆறுனாலும் உறைய மாட்டேங்குது. நாலு நாளா நானும் சொல்லிட்டுத்தானுங்க இருக்கறேன். குடோன்ல பிரிக்காத மூட்டை கெடக்குது. அதுல ஒரு சொட்டு உட்டுப் பாருங்க, அதுவும் இப்படித்தானுங்க வரும்" என்றார்.

குடோன் இருபதடி தூரம்கூட இல்லை. நான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார் அவர். நான் அயோடின் பாட்டிலை மூடிவிட்டேன். பாய் திறக்காத சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அதற்குப் பிறகு எந்தச் சைசிங்கிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இப்போது நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். போன மாதம் அச்சுச் சாயப் பசைக்கு மாவு விற்பவர் ஒருவர் வந்து, புதுச் சரக்கு என்று ஒரு கோப்பையில் கஞ்சி காய்ச்சிக் காட்டினார். கண்ணாடி போல இருந்தது. ஆறியும் உறையவில்லை. வழக்கம்போல அயோடின் விட்டேன், அதே செம்பழுப்பு. "இந்த ரகச் சோளத்துல நீலம் வராதுங்க சார், நீலம் வர வைக்கிற பகுதியைக் கட்டுற நொதி செடியிலயே வேலை செய்யாதுங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

செடிக்குள் மாவுச்சத்தைக் கட்டுபவை நொதிகள். அதில் நேராக நீளும் சங்கிலிகளும் உண்டு, கிளைவிட்டுப் படர்பவையும் உண்டு; இரண்டுக்கும் வெவ்வேறு நொதிகள். அயோடினை அடர்நீலமாக்குவது நேர்ச்சங்கிலி. ஆறிய கஞ்சியை உறையவைப்பதும் அதுதான். அதைக் கட்டும் நொதி சில மக்காச்சோள ரகங்களில் வேலை செய்வதில்லை. அந்த மாவு கலப்படமில்லை. சுத்தமான மாவுதான், முழுக்கக் கிளைச் சங்கிலி. எங்கோ ஒரு செடியில் ஒரு நொதி வேலை செய்யாததற்கு இங்கே ஒரு மனிதரைத் திருடனாக்கியிருக்கிறோம். இந்த ரகத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் போனதையாவது மன்னிக்கலாம். இருபதடி நடக்காததை எந்தப் படிப்பின் கணக்கில் எழுதுவது?

மறுநாளே மண்ணரைக்குப் போனேன். பாய் வீட்டுக்குள் உட்கார்ந்து பனியன் வெட்டுத்துணிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் நொதி, சங்கிலி என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். முழுக்கக் கேட்டார்.

"இருவது பேரு முன்னாடி அன்னிக்குச் சொன்னீங்க தம்பி. இன்னிக்கு ஊட்டுக்குள்ள வந்து எங்கிட்டச் சொல்றீங்க. நான் திருடலைன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

அங்கிருந்து நேராக அந்த ஆலைக்கே போனேன். "பழசைக் கிளறாதீங்க" என்று முதலாளி கதவைச் சாத்திக்கொண்டார். விடவில்லை. ஷிப்ட் விடும்வரை கேட்டுக்கு வெளியே நின்றேன். ஆட்கள் வெளியே வந்ததும், பாய் திருடவில்லை, தப்பு என்னுடையது என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு முகமும் பழைய முகமில்லை. எல்லாரும் பிற்பாடு வந்தவர்கள், பாதிப் பேர் வடக்கிலிருந்து. டிபன் பாக்ஸோடு ஒருவர் மட்டும் நின்று, உடைந்த தமிழில் கேட்டார்.

"எந்த பாய், அண்ணா?"