முன்பல்லும் ஞாயிற்றுக்கிழமை போட்டோவும்

தக்கலையில் பல் டாக்டரிடம் வந்திருக்கிறேன். முன்பல்லில் நான்கு நாளாக வலி.

"இன்னைக்கே பிடுங்கினா வலி போயிரும் சார். ஆனா முன்னால ஓட்டை தெரியும். ரூட் கெனால்னா பல்லு நிக்கும், மூணு தடவ வரணும், அதுவரை கொஞ்சம் வலிக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஐம்பதாவது திருமண நாள். சர்ச்சில் சபையார் முன்னால் போட்டோ எடுப்பார்கள்.

யோசித்துச் சொல்வதாக வெளியே வந்து, ஒரு தாளில் சாதக பாதகங்களை எழுதினேன். எனக்குப் பின்னால் வந்த ஐந்து பேர் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கூட வந்திருந்த மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள். "அம்பது வருசமா நீங்க பல்லு தெரிய சிரிச்சு நான் பாத்ததில்ல. இனி அது இருந்தா என்ன, போனா என்ன?"

இந்த ஒரு போட்டோவிலாவது சிரிக்க நினைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்ல வரவில்லை.

டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார். நான்கு மணிக்கு வருவார். அதற்குள் யாராவது சொல்லுங்கள், பிடுங்கவா, வேண்டாமா?